பெங்கால் கெமிக்கல் நிலையமும் எலும்புச் சாம்பலும்

ஹவுராவில் மெட்ரோ ரயில் ஏறி சால்ட் லேக் ஐந்தாம் செக்டருக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர்கள், வழியில் 'பெங்கால் கெமிக்கல்' என்று ஒரு நிலையம் வருவதைக் கவனித்திருப்பார்கள். பக்கத்து மாணிக்தலாவில் உள்ள பழைய ரசாயனத் தொழிற்சாலையின் பெயர் அது. அமிலமும் காரமும் சேர்ந்து வளர்த்த தொழிற்சாலை என்றால் மிகையாகாது.

பள்ளியில் படித்து மறந்தவர்களுக்குச் சமையலறையே போதும். புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவை புளிப்பது அவற்றில் உள்ள அமிலத்தால். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் கார வகை. (ரசாயனத்தில் காரம் என்பது மிளகாய்க் காரம் அன்று!)

இரண்டையும் பிரித்தறியக் கல்லூரியில் லிட்மஸ் தாள் வைத்திருப்பார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் போதும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதல்லவா? காரத்தைக் கண்டால் மஞ்சள் சிவக்கும். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதை மெஸ்ஸில் சாப்பிடும் பிரம்மச்சாரிகள் நன்கு அறிவர்.

நீரில் கரையும்போது அமிலம் ஹைட்ரஜன் அயனியையும், காரம் ஹைட்ராக்சைடு அயனியையும் தருகின்றன என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரீனியஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கினார். இந்த இரண்டும் கூடினால் தண்ணீர். எஞ்சி நிற்பது உப்பு. உப்பில் பல வகை; சோற்றில் போடுவது அவற்றுள் ஒன்றுதான்.

சால்ட் லேக்குக்குப் பெயர் தந்த உப்புச் சதுப்பு 1960களில் கங்கை வண்டலால் தூர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, கல்கத்தாவில் ஒருவர் வேறோர் உப்பைத் தேடி அலைந்தார். அவர் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்கு ஆசிரியரானார். மருந்துகளெல்லாம் கப்பலில் வந்திறங்கிய காலம். கல்லூரி வேலை முடிந்த பிறகு, அப்பர் சர்க்குலர் ரோடு 91ஆம் எண் வீட்டில் மருந்துச் சரக்குகளைத் தாமே தயாரிக்கத் தொடங்கினார். 1892இல் சுமார் 700 ரூபாய் முதலில் பிறந்ததுதான் பெங்கால் கெமிக்கல்.

அவர் செய்ய விரும்பிய சரக்குகளில் ஒன்று சோடியம் பாஸ்பேட். அதற்கு மூலப்பொருள் மாட்டெலும்பு! இறைச்சிக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கி மொட்டை மாடியில் காயவைத்தார். மழை பெய்தது, புழு வைத்தது, நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தனர். வேறிடத்துக்குக் கொண்டுபோய் எரித்தபோது, மனித எலும்போ என்று போலீசார் சந்தேகப்பட்டார்களாம்!

எரித்த சாம்பலில் கந்தக அமிலத்தை ஊற்றினால், எலும்பில் கட்டுண்டிருந்த பாஸ்பேட் கரையும். கால்சியம் சல்பேட் அடியில் படியும். தெளிந்த நீரில் இப்போது புளிப்பு மிகுதி. அதில் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரைத்துப் பொங்கி அமிலம் தணியும். மிஞ்சியிருந்த சுண்ணாம்புச் சத்தும் வெண்பொடியாகப் பிரிந்துவிடும். வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினால் பளபளக்கும் படிகங்கள். அமிலம் மிஞ்சினாலும் சோடா மிஞ்சினாலும் சரக்கு கெட்டது. ஆசிரியரின் கைப்பக்குவம் இங்கேதான்.

பின்னர் மாணிக்தலாத் தொழிற்சாலையில் கந்தக அமிலத்தையே சொந்தமாகத் தயாரிக்கலானார்கள். பொல்லாத திரவம் அது. பேட்டரிக்கு அமிலம் கலக்கும் தொழிலாளர்கள் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்போன கதைகள் உண்டு.

நிறுவனம் 1980 டிசம்பரில் அரசுடைமையாயிற்று. மொட்டை மாடி எலும்பைப் பற்றி ராய் வெட்கப்பட்டதில்லை. வகுப்பில் எலும்புச் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டு, இது இப்போது வெறும் கால்சியம் பாஸ்பேட்தான் என்று மாணவர்களுக்குக் காட்டுவாராம்.