மொரிஸ் மைனர் கதவில் விழும் வெடிப்பு

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் சமதரையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. இறக்கம் பார்த்து நிற்கும் பழைய காரின் கதவைத் திறந்து கையை விட்டால், அது தன் பாரத்தாலேயே அகல ஓடி, கதவை மறிக்கும் பட்டையில் ‘டக்’கென்று அடித்துத்தான் நிற்கும். கதவு தொய்ந்தாலோ பிணைச்சல் ஒடிந்தாலோ துருவை மட்டும் குற்றம் சொல்கிறோம். இந்த அடியையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் முறியும். கதவில் நடப்பது அதைவிட நுட்பமானது. அங்கே உருக்கு கண்ணுக்குத் தெரிய வளைவதே இல்லை. ஒருமுறை விழுந்தால் எளிதாகத் தாங்கிவிடும் சுமைதான். அதுவே ஆயிரக்கணக்கான தடவை விழும்போது, போல்ட் துளையின் ஓரத்திலோ பழைய வெல்டிங்கிலோ துருக்குழியிலோ மயிரிழை வெடிப்பு தொடங்கி, அடிக்கு அடி நீளும். மிஞ்சிய உலோகம் தாங்காத நாளில் பட்டென ஒடியும். இதுதான் உலோகக் களைப்பு.

ஒடிந்த துண்டை எறியுமுன் அதன் முகத்தைப் பாருங்கள். வெடிப்பு மெல்ல ஊர்ந்த பகுதி வழுவழுப்பாக, பழைய துரு படிந்திருக்கும். கடைசியில் முறிந்த பகுதி கரடுமுரடாகப் பளபளக்கும்.

ரயில் அச்சுகள் ஒடிவதை 1850, 60களில் ஆராய்ந்த ஜேர்மானியப் பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர், குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சுமையை உருக்கு எத்தனை தடவையும் தாங்கும் என்று கண்டார். ஆனால் ஈரமும் அரிப்பும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு எல்லை இல்லாமற்போகும். பனிமூட்டமும் மழையும் ஓயாத மலைநாட்டில் இது சின்ன விஷயமல்ல.

இப்படிக் களைக்கும் பழைய கார்களில் ஒன்று, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர்; அது 1948இல் வந்தது. 1960களில் இலங்கையில் இறக்குமதி இறுகி, 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இருந்த கார்களையே நம் ஆட்கள் பழுதுபார்த்து ஓட்டினார்கள். பின்னர் 1990களில் மொரிஸ் மைனருக்கான பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே போயின. எனக்கு இதில் பெரிய பெருமை.

அந்தக் கைத்திறனுக்கு ஏற்றது மேலோட்டமான வெல்டிங் அல்ல. வெடிப்பை மேலே மட்டும் மூடினால் பக்கத்திலேயே மறுபடி விழும். முழுதாக அரைத்தெடுத்து, அடிவரை வெல்ட் வைத்து, மேட்டைச் சீராக்க வேண்டும். பிணைச்சலே வெடித்திருந்தால் மாற்றுவதே நல்லது. பிணைச்சல் ஊசிக்கு எண்ணெய் விடாமல் இறுகவிட்டால், திருகும் விசை முழுவதும் பிணைச்சலைத் தாங்கும் கதவுத் தூணின் மெல்லிய தகட்டில் ஏறும்.

வெடிப்பைத் தேட மண்ணெண்ணெய் போதும். சந்தேகமான இடத்தில் தடவிச் சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குப் பொடி பூசுங்கள். வெடிப்பிருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, பொடியில் மெல்லிய கோடாகத் தெரியும்.