மண் வெட்டும் யந்திரங்களில் உஷ்ண சென்சார் கோளாறுகளும், மலைநாட்டில் அவற்றைக் கண்டறியும் முறையும்

நீலகிரி ஜில்லாவில் தேயிலையும், உருளைக்கிழங்கும், காரட்டும் பயிராகும் நிலங்களில் பெரும்பாலானவை சரிவானவை. அச்சரிவுகளில் படிமட்டம் அமைப்பதற்கும், தோட்டப் பாதைகளைச் செப்பனிடுவதற்கும், மழையில் சரிந்த மண்ணை அகற்றுவதற்கும் புல்டோசர், பொக்லைன் முதலிய யந்திரங்கள் இக்காலத்தில் உபயோகமாகின்றன. 2009-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டதையும், 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் நம் மலைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய சமயங்களில் ஒரு யந்திரம் வழியில் நின்றுவிட்டால், அதனால் விளையும் நஷ்டம் அதன் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. வாடகைக்கு எடுக்கும் குடியானவருக்கோ மணிக் கணக்கில் பணம் போகிறது.

யந்திரம் நிற்பதற்கான காரணங்களுள் எஞ்சினின் உஷ்ணத்தைப் பற்றிய குழப்பம் முக்கியமானது. எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் "சென்சார்தான் கெட்டிருக்கும்" என்று எண்ணி வேலையைத் தொடர்பவர் சிலர். மெய்யாகவே சூடு ஏறியிருந்தால் அவர்கள் ஹெட் காஸ்கெட்டையும், சில வேளைகளில் எஞ்சினையே இழக்கிறார்கள். வேறு சிலர் விளக்கு எரியும்போதெல்லாம் புதிய சென்சாரை வாங்கி மாட்டுகிறார்கள். கோளாறோ வயரிலோ ரேடியேட்டரிலோ இருக்கிறது. சோதித்து அறிந்த பிறகே எதையும் மாற்றுவது இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கும் வழி.

சென்சார் வேலை செய்யும் விதம்

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் சென்சாரின் நுனி அமிழ்ந்திருக்கும். நீர் சூடேற ஏற, அதனுள் இருக்கும் பொருளின் மின்தடை குறையும். எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டி 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்பி, திரும்பும் அளவைக் கொண்டு உஷ்ணத்தைக் கணிக்கிறது. ஆகவே வயர் அறுந்தால் மின்தடை மிக அதிகமாகத் தோன்றி, கடுங்குளிர் என்ற கணக்கு வரும். வயர் உராய்ந்து இரும்பில் பட்டால் அளவுக்கு மீறிய சூடு என்ற கணக்கு வரும். எந்த எஞ்சினும் ஒரு கணத்தில் குளிரிலிருந்து கொதிநிலைக்குத் தாவாது. மீட்டர் அவ்விதம் தாவினால் குற்றம் மின்சாரப் பாதையில் என்று கொள்ளலாம்.

புதிய யந்திரங்களின் திரையில் தோன்றும் கோளாறு எண்களும் இதையே கூறும். எஸ்.பி.என். 110 என்பது குளிர்நீரின் உஷ்ணத்தைக் குறிப்பது. அதனுடன் எப்.எம்.ஐ. 3 வந்தால் வோல்ட் மிகுதி. பெரும்பாலும் வயர் அறுந்தது. 4 வந்தால் வோல்ட் குறைவு. வயர் இரும்பில் பட்டது. 0 வந்தால் சூடு உண்மை. உடனே வேலையை நிறுத்தவேண்டும்.

சோதிக்கும் வரிசை

யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, சக்கரங்களுக்குக் கல் வைத்த பின்னரே சோதனையைத் தொடங்கவேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது.

முதற் சோதனைக்குச் செலவே இல்லை. இரவு முழுவதும் நின்ற யந்திரத்தின் சாவியை விடியற்காலையில் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், குளிர்நீர், எண்ணெய், உள்ளிழுக்கும் காற்று ஆகியவற்றின் உஷ்ணங்களைத் திரையில் பார்க்கவேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாக வேறுபட்டால் அதுவே சந்தேகத்துக்குரியது.

இரண்டாவதாக, எஞ்சின் சூடேறியபின் தெர்மாஸ்டாட் பொருந்திய இடத்தை இன்ப்ராரெட் உஷ்ணமானியால் அளந்து மீட்டருடன் ஒப்பிடவேண்டும். பளபளப்பான உலோகத்தில் இக்கருவி குறைத்துக் காட்டும். ஆகையால் கறுப்பு டேப் ஒன்றை ஒட்டி அதன்மேல் அளத்தல் நலம். இரண்டும் சூடு என்றே சொன்னால் சென்சாரைக் குறை கூறுவதை விட்டு, ரேடியேட்டரில் அடைந்த மண், காய்ந்த புல், தளர்ந்த பெல்ட், திறவாத தெர்மாஸ்டாட் ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவதாக, எஞ்சினை நிறுத்தி, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கவேண்டும். மூடுபனியும் சாரலும் மிகுந்த நம் மலையில் அதன் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவது சகஜம். எலி கடித்த வயர்களும் உண்டு. சாவியைத் திருப்பி, கழற்றிய கனெக்டரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் அளந்தால் ஏறக்குறைய 5 வோல்ட் இருக்கவேண்டும். இல்லையேல் குற்றம் சென்சாரில் அன்று, வயரில் அல்லது பெட்டியில்.

கொதிநீர்ச் சோதனையில் மலைநாட்டார் அறியவேண்டியது

இறுதியாக, சென்சாரைக் கழற்றிக் கொதிநீரில் நுனியை அமிழ்த்தி மின்தடையை அளப்பது வழக்கம். இங்கேதான் மலையில் ஒரு பிழை நேர்கிறது. கொதிநீர் 100 டிகிரி என்பது கடல்மட்டத்துக் கணக்கு. மேட்டுப்பாளையத்தில் நீர் சுமார் 99 டிகிரியில் கொதிக்கும்; 1,850 மீட்டர் உயரத்துக் குன்னூரில் சுமார் 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்து உதகமண்டலத்தில் சுமார் 92½ டிகிரியிலும் கொதித்துவிடும்.

பரவலாக வழங்கும் ஒருவகைச் சென்சாருக்கு 20 டிகிரியில் 2,500 ஓமும், 100 டிகிரியில் 186 ஓமும் மின்தடை உண்டு. உதகையின் கொதிநீரில் அதே சென்சார் ஏறக்குறைய 230 ஓம் காட்டும். 186 வரவில்லையே என்று அதைத் தூர எறிபவர் நல்ல பொருளை எறிகிறார். நீரில் ஒரு கண்ணாடி உஷ்ணமானியையும் உடன் வைத்து, அது காட்டும் டிகிரிக்குரிய அளவை யந்திரத்தின் கைப்புத்தகத்தில் பார்த்தே தீர்மானிக்கவேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவுகள் வேறுபடும்.

ரேடியேட்டர் மூடியின் முக்கியம்

இதே காரணத்தால் இன்னும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. சதுர அங்குலத்துக்கு 13 ராத்தல் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால், உதகையிலும் வெறும் நீர் சுமார் 115 டிகிரி வரை கொதியாது. மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் கசிந்தால் 92½ டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்த டிகிரியோ மீட்டரில் பச்சைப் பகுதிக்குள் இருப்பது. எச்சரிக்கை விளக்கு எரியாது. நீர்மட்டம் மேலும் இறங்கிச் சென்சாரின் நுனி நீருக்கு வெளியே வந்துவிட்டால், மீட்டர் உள்ள சூட்டைக் குறைத்தே காட்டக்கூடும். முள் அமைதியாயிருக்கையில் எஞ்சின் வேகும். ஆதலால் நாள்தோறும் காலையில் குளிர்ந்த நிலையில் நீர்மட்டம் பார்ப்பதும், மூடியின் ரப்பரைப் பரிசோதிப்பதும், கம்பெனி சொன்ன கூலண்டையே ஊற்றுவதும் மலையில் இருமடங்கு அவசியம். கூலண்ட் கலந்த நீர் வெறும் நீரைவிட உயர்ந்த உஷ்ணத்தில் கொதிப்பதோடு, மார்கழி, தை மாதத்து உறைபனியிலும் எஞ்சினைக் காக்கும்.

வாடகைக்கு யந்திரம் எடுக்கும் விவசாயிகளும், வேலை தொடங்குமுன் நீர்மட்டத்தையும் மீட்டரையும் தம் எதிரில் காட்டும்படி டிரைவரைக் கேட்பது நன்று. ஐந்து நிமிஷத்தில் முடியும் இக்காரியம், நடுச்சரிவில் யந்திரம் நின்று மழைக்கு முன் முடியவேண்டிய வேலை கெடுவதைத் தடுக்கும்.