ஒரு விசை, ஆயிரம் குண்டுகள்: அமெரிக்கச் சட்டத்தின் ஓட்டை

2017 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் இசை நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் மீது ஒருவன் சுமார் 10 நிமிடங்களில் 1,000க்கும் அதிகமான குண்டுகளைச் சுட்டான். 60 பேர் உயிரிழந்தனர். அவனது துப்பாக்கிகள் பலவற்றில் 'பம்ப் ஸ்டொக்' பொருத்தப்பட்டிருந்தது.

சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். மறு கையால் அதை முன்னே தள்ளிக்கொண்டிருந்தால், அசையாத விரலில் விசை மீண்டும் மீண்டும் மோதும். இந்த முன்பின் அசைவுக்கு வழிசெய்வதே அக்கருவி.

ட்ரம்ப் நிர்வாகம் 2018இல் இதை இயந்திரத் துப்பாக்கியாக வகைப்படுத்தித் தடைசெய்தது. 2024 ஜூன் 14இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அத்தடையை நீக்கியது. விசையின் ஒரே இயக்கத்தில் தானாகப் பல குண்டுகள் பாய்ந்தால்தான் சட்டப்படி அது இயந்திரத் துப்பாக்கி. இங்கோ ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனியாக இயங்குகிறது என்பதே தீர்ப்பு. குண்டடிபட்டவருக்கு இதில் என்ன வித்தியாசம்?

ஆனாலும் நீதிபதிகளை மட்டும் நான் குறைகூற மாட்டேன். காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தலாம் என்று நீதியரசர் அலிட்டோவே அத்தீர்ப்பில் எழுதினார்.

2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலில் நம் சகோதரர்கள் 51 பேர் ஷஹீதானார்கள். 26ஆவது நாளில் நியூசிலாந்து பாராளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்குகளால் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. மனமிருந்தால் சட்டம் இயற்ற ஒரு மாதம்கூடத் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி.