உரம் வேறு, கொம்பு வேறு

"கருவிலேயே மதுவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பிறந்த பிறகு பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மடிந்த நரம்புச் செல் திரும்பாது என்பது உண்மைதான். ஆனால் மிஞ்சியவை என்ன செய்கின்றன என்பதை 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளின்ட்சோவா, கிரீனோ குழுவினர் எலிகளிடம் தேடினார்கள். பிறந்த சில நாள்களே ஆன குட்டிகளுக்கு மது கொடுத்தார்கள். மூளை வளர்ச்சியில் அது மனிதக் கருவின் கடைசி மூன்று மாதங்களுக்கு ஈடான பருவம். சிறுமூளையில் பர்க்கின்ஜி செல்கள் மடிந்தன. வளர்ந்தபின் அந்த எலிகளைக் கயிற்றிலும் தடைகளிலும் 20 நாள் ஏறி இறங்கப் பழக்கினார்கள். தடுமாற்றம் குறைந்தது. மடிந்த செல்களின் இடம் காலியாகவே இருந்தது. மிஞ்சிய செல்களில் இணைப்புகள் கூடியிருந்தன. கொல்லையில் போட்ட அவரையில் பாதி பட்டுப்போனாலும் மீதிக் கொடிகள் பந்தலை மூடிவிடும், ஆனால் பற்றி ஏறக் கொம்பு வேண்டும். கொம்பும் கொடிக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். ஏற ஏற அடுத்ததைக் கட்டிக்கொடுக்கவேண்டும். மது கொடுக்கப்படாத எலிகளை வைத்து கிரீனோ குழு 1990இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே ஓடியவற்றுக்கு இரத்தக் குழாய்கள்தான் கூடின. புதிய அசைவுகளைக் கற்றவற்றுக்கே இணைப்புகள் கூடின. உரம் வேறு, கொம்பு வேறு.

இப்போது பரபரப்பாகப் பேசப்படும் கோலின் சத்து, உரத்தின் பக்கம் சேர்வது. மினசோட்டாவில் கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட இரண்டரை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் 500 மில்லிகிராம் வீதம் 9 மாதம் கொடுத்தார்கள். பொது அறிவுத்திறனில் உடனடி வித்தியாசம் இல்லை. நான்கு ஆண்டு கழித்துச் சில சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் அப்போது சோதிக்கப்பட்டவர்கள் 31 பேர். அதை வைத்து மருந்துக் கடைக்கு ஓடுவது அவசரம்.

பாதிப்புக்குப் பெயர் வைத்தால் தாய்க்கு அவமானம்தானே மிஞ்சும் என்பார்கள். இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. இந்தப் பாதிப்பைப் பற்றி 1968இல் பிரான்சில் லெமுவான் என்ற மருத்துவர் எழுதியது கவனிக்கப்படாமல் போய், 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள்தான் அதற்குப் பெயரிட்டார்கள். அதே நகரில் ஸ்ட்ரைஸ்குத் என்ற ஆய்வாளர் இந்தப் பாதிப்புள்ள 415 பேரை ஆராய்ந்தபோது, சீக்கிரம் கண்டறியப்பட்டு நிலையான, அன்பான வீட்டில் வளர்ந்தவர்கள் பள்ளி இடைநிற்றல், சட்டச் சிக்கல் போன்றவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நல்ல வீடு அமைந்ததால்தான் சீக்கிரம் கண்டறிந்தார்களோ என்று கேட்கலாம். இந்த ஆய்வு அதை முழுதாகப் பிரித்துக் காட்டாது. ஆனால் பெயர் தெரியாத வீட்டில் அந்தப் பிள்ளை 'அடங்காதவன்', 'மந்தம்' என்று அடிவாங்குகிறது. தாயைக் குற்றவாளியாக்காமல் பிள்ளைக்கு என்ன கடினம் என்று சொல்ல மருத்துவர்கள் பழகவேண்டும்.

அந்தக் கடினம் தெரிந்ததால்தான் அட்லாண்டாவில் கோல்ஸ், கேபிள் என்ற ஆய்வாளர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதப் பயிற்சி வகுக்க முடிந்தது. முதலில் நிதானித்துத் திட்டமிடு, பிறகு செய், பிறகு செய்ததைத் திரும்பிப் பார் என்பது அதன் வரிசை. ஆறு மாதம் கழித்தும் அந்தப் பிள்ளைகளின் கணக்கு ஒப்பீட்டுக் குழுவைவிட மேம்பட்டிருந்தது. இடம் வலம் குழம்பும் பிள்ளைக்கு எண்களைப் படுக்கையாக எழுதாமல் ஏணிபோல நிறுத்தி எழுதுகிறார்கள்: மேலே போனால் கூடும், கீழே வந்தால் குறையும்.