நம் வீட்டு நறுமணத் தோட்டம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

மாலையில் பள்ளி முடிந்து வீடு திரும்பும்போது, வாசற்படியில் கால் வைக்கும் முன்பே அம்மா என்ன சமைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடும். கடுகு வெடிக்கும் ஓசையோடு கறிவேப்பிலை மணம் வந்தால் தாளிப்பு நடக்கிறது. மிளகும் சீரகமும் மணத்தால் இரவுக்கு ரசம். இஞ்சி மணத்தால் அப்பாவுக்குத் தேநீர் தயாராகிறது. இத்தனை மணங்களோடு நாம் நாள்தோறும் வாழ்கிறோம். ஆனால், மிளகுக் கொடியை நேரில் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? இஞ்சிச் செடியின் இலை எப்படியிருக்கும் என்று கேட்டால் உடனே சொல்லக் கூடியவர்கள் எத்தனை பேர்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்களுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிய வந்த கதையையும், வீட்டில் இச்செடிகளை வளர்க்கும் முறையையும் இங்கே கூற விரும்புகிறோம்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த ஜூன் மாதத்தில், அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரி எங்களிடம் 12 மண் தொட்டிகளை ஒப்படைத்தார்கள். "இவை இனி உங்கள் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்கள். எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மூன்று தொட்டிகளில் இஞ்சி, இரண்டில் மஞ்சள், இரண்டில் மிளகுக் கொடி, இரண்டில் கறிவேப்பிலை, மற்ற மூன்றில் ஓமவல்லி, எலுமிச்சைப்புல், ஏலக்காய் என நட்டோம். ஏலக்காய்ச் செடியைத் தோழி ஒருத்தி போடிநாயக்கனூரில் உள்ள தன் மாமா வீட்டிலிருந்து மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தாள்.

எங்கள் வகுப்பில் 42 பேர். காலையில் வரும் ஒவ்வொருத்தியும் அன்போடு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினோம். தரையில் மண் வழியக் கூடாது என்று தொட்டிகளின் அடியில் தட்டும் வைத்தோம். எல்லாத் தொட்டிகளையும் வெயில் நன்றாகப் படும் முற்றத்தில் வரிசையாக அடுக்கினோம். காலாண்டுத் தேர்வு முடிந்து பார்த்தபோது எட்டுத் தொட்டிகள் வெறுமையாகிவிட்டன. இஞ்சி அழுகி நாறியது. மிளகு இலைகள் கருகி உதிர்ந்தன. ஓமவல்லியின் தண்டு கூழாகிவிட்டது. ஏலக்காய் காய்ந்தே போயிற்று. அதைக் கொண்டுவந்த தோழி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

சகோதரி கோபிப்பார்கள் என்று அஞ்சினோம். அவர்களோ தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இந்தச் செடி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று உங்களில் யாராவது விசாரித்தீர்களா?"

ஒருவரும் விசாரிக்கவில்லை. அன்றே நூலகத்திற்குச் சென்றோம். செடி வளர்ப்பின் இரகசியம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது என்பதை நாங்கள் மெல்ல மெல்ல உணர்ந்தோம். காட்டில் வாழும் செடிக்கு நிழலையும் ஈரத்தையும் சருகு எருவையும் காடே தருகிறது. அதைத் தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டால் அவற்றை நாம்தான் தர வேண்டும்.

முதலில் மிளகைப் பார்ப்போம். அதன் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள். அங்கே பெரிய மரங்களைப் பற்றிக்கொண்டு, இலைகளின் ஊடே வடிந்து வரும் வெளிச்சத்தில் வளர்வது அது. அதை எங்கள் ஊரின் உச்சி வெயிலில் நிறுத்தினால் எப்படிப் பிழைக்கும்? இந்தச் சின்னஞ்சிறு மணிக்காகக் கடல் கடந்து மரக்கலங்கள் வந்தன. எகிப்தில் செங்கடலோரமாக உள்ள பெரெனிகே என்னும் பழைய துறைமுகத்தில் 1999-ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், இந்தியாவில் செய்யப்பட்ட பெரிய மண் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய மிளகு அது!

வீட்டில் வளர்ப்பதற்கு ஏற்றது புதர் மிளகு. மிளகுக் கொடியில் இருவகைக் கிளைகள் உண்டு. மேலே ஏறும் தண்டை வெட்டி நட்டால் அது மீண்டும் ஏறு கொடியாகவே வளரும். பக்கவாட்டில் காய்க்கும் கிளையை வெட்டி வேர் பிடிக்கச் செய்தால், அது ஏறாமல் தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். இவ்வகைக் கன்றுகள் இப்போது நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கின்றன. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட 'பன்னியூர்-1' உலகின் முதல் கலப்பின மிளகு என்று பெயர் பெற்றது. இரண்டாம் முறை நாங்கள் புதர் மிளகையே வாங்கி, மாதா கெபிக்குப் பக்கத்தில் உள்ள வேப்பமரத்து நிழலில் வைத்தோம். காலையும் மாலையும் இலைகள் மீது நீர் தெளித்தோம். பூச்சரம் விடும் காலத்தில் இவ்வாறு தெளிப்பது, மழைத்துளியைப் போல மகரந்தம் பரவவும் உதவும்.

அடுத்து இஞ்சியும் மஞ்சளும். இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் உண்பது இவற்றின் வேரன்று. மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. அதனால்தான் அதில் கணுக்களும் முளைக் கண்களும் இருக்கின்றன. இரண்டு மூன்று கண்கள் உள்ள துண்டை, கண் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் நட வேண்டும். கிழங்கு பக்கவாட்டில் பரவுவதால் ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டியே நல்லது. பழைய சிமெண்ட் சாக்கும் போதும். மண் ஈரமாக இருக்கலாம். ஆனால் நீர் தேங்கவே கூடாது. தேங்கினால் பூசண நோய் தாக்கிக் கிழங்கு அழுகிவிடும். நாங்கள் அடியில் வைத்த தட்டும், 42 குவளைத் தண்ணீரும் சேர்ந்தே எங்கள் இஞ்சியைக் கொன்றன என்பது அப்போதுதான் புரிந்தது. மே, ஜூன் மாதங்களில் நட்டால் ஏழு எட்டு மாதங்களில் இலைகள் மஞ்சளாகிச் சாயும். அதுவே கிழங்கைத் தோண்டுவதற்கான அறிகுறி.

கறிவேப்பிலை வெயிலை விரும்பும் மரம். அது எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓர் இலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற சிறு புள்ளிகள் தெரியும். அவையே மணம் தரும் எண்ணெய்ச் சுரப்பிகள். இதன் அறிவியல் பெயரில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரின் நினைவு இருக்கிறது. 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, நம் பகுதிச் செடிகளை ஆராய்ந்த கோனிக் என்பவரே அவர். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவர் அவர். கறிவேப்பிலையின் 'முரயா கோனிகியை' என்னும் பெயரின் பிற்பகுதி அவரைக் குறிப்பது.

கறிவேப்பிலையின் பழக் கொட்டையைக் காய வைத்துச் சேமித்தால் முளைக்காது. பழுத்தவுடன் சதையை நீக்கி நட்டுவிட வேண்டும். செடி சிறியதாக இருக்கும்போது இலை பறிப்பது பெரிய தவறு. முழங்கால் உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பிறகு தனி இலைகளை உருவாமல், கொத்தாக ஒடித்து எடுக்க வேண்டும்.

ஒரு நாள் எங்கள் கறிவேப்பிலையில் பறவையின் எச்சம் போன்ற புழுக்கள் சில தென்பட்டன. தொட்டால் சிவந்த கொம்பை நீட்டி ஒருவிதக் காரமான நெடியை வீசின. நசுக்கிவிடலாம் என்று சிலரும், பாவம் என்று சிலரும் வாதிட்டோம். எலுமிச்சைக் குடும்பச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது என்று சகோதரி விளக்கினார்கள். முடிவில் ஒரு செடியைப் புழுக்களுக்கும் மற்றொன்றை எங்களுக்கும் எனப் பங்கிட்டோம். அவை தின்ற செடி மறுபடி தழைத்தது. எங்களுக்கு வண்ணத்துப்பூச்சிகளும் கிடைத்தன.

ஓமவல்லி தன் தடித்த இலைகளிலேயே நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு சாண் தண்டை ஒடித்து நட்டாலே வேர் பிடித்துவிடும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். எலுமிச்சைப்புல் வெயிலையும் தாங்கும், எங்களைப் போன்றவர்களின் அறியாமையையும் தாங்கும்! அடித்தூரைப் பிரித்து நட்டால் ஒரு தூர் பல தூராகும்.

ஏலக்காயின் கதை வேறு. அது ஏறத்தாழ 600 மீட்டர் முதல் 1,200 மீட்டர் வரை உயரமுள்ள மலைகளில், மரநிழலிலும் மூடுபனியிலும் வளர்வது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் சமவெளியில் அதைக் காய்க்க வைக்க நம்மால் இயலாது. எதை வளர்க்கக் கூடாது என்று அறிவதும் தோட்டக் கலையில் ஒரு பாடமே. அதை அறிந்த பிறகுதான் எங்கள் தோழியின் மனமும் ஆறியது.

தாயகத்தை விட்டு வந்த செடிக்குச் சில வேளைகளில் தேனீயின் வேலையைக்கூட மனிதர் செய்ய வேண்டியிருக்கும். வனிலா மெக்சிகோ நாட்டுக் கொடி. அங்குள்ள சில தேனீக்கள் அதன் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்யும். மற்ற நாடுகளில் கொடி பூத்தாலும் காய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் என்னும் 12 வயதுச் சிறுவன், 1841-இல் ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் அதைச் செய்யும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் வனிலாப் பூக்களில் அந்த முறையையே கையாளுகிறார்கள். பூவை உற்று நோக்கிய ஒரு சிறுவனின் கண்கள் உலகுக்குச் செய்த உதவி இது. நம்மைவிட இளையவன் அவன் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, எல்லாத் தொட்டிகளுக்கும் பொதுவான சில குறிப்புகள்:

தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். அதன் மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாமல் நீர் மட்டும் வடியும். செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். பச்சைச் சாணத்தை இடக் கூடாது. நீர் ஊற்றும் முன் விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். மண்ணின் மேல் உலர்ந்த சருகுகளைப் பரப்பினால் ஈரம் விரைவில் காயாது. அரிசி, பருப்பு கழுவிய நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம். உப்பு கலந்த நீர் ஆகாது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தொட்டிகளை நிழலில் நெருக்கமாகக் கூட்டி வைத்து, அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இம்முறைகளின்படி நாங்கள் மறுபடியும் நட்டோம். தண்ணீர் ஊற்றுவதற்கு நாளுக்கு இருவர் என முறை வைத்தோம். இந்த ஆண்டு பள்ளியில் கொண்டாடிய பொங்கல் விழாவில், பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து எங்கள் தொட்டியில் விளைந்தது. மூன்று தொட்டி இஞ்சியும் விடுதிச் சமையலறைக்குச் சென்றது. மிளகுச் செடியில் நான்கு சரங்கள் காய்த்தன. பறித்து வெயிலில் காய வைத்தபோது பச்சை மணிகள் கருத்துச் சுருங்கின. எண்ணிப் பார்த்தோம், 31 மணிகள்! சளியால் வாடிய சகோதரிக்கு அவற்றை இடித்து ரசம் வைத்துக் கொடுத்தார்கள். அன்று எங்களுக்கு இருந்த பெருமையை எழுத்தில் கூற இயலாது.

பெற்றோர்களே, முன்பெல்லாம் காய்கறி வாங்கினால் கடைக்காரர் கறிவேப்பிலையைக் கொசுறாகத் தருவார் என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று எங்கள் ஊர்க் கடைகளில் அதற்கும் காசு கேட்கிறார்கள். வீட்டில் ஒரே ஒரு தொட்டிக்கு இடமிருந்தால் அதில் கறிவேப்பிலை வையுங்கள்; நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புத் தங்கையரே, பொதுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் இவ்வகுப்பை விட்டுச் செல்வோம். பன்னிரண்டு தொட்டிகளில் பதினொன்று பசுமையாக இருக்கின்றன. ஏலக்காய் வைத்திருந்த பன்னிரண்டாவது தொட்டியை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். அதில் எதை நடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் நடுவதற்கு முன், அந்தச் செடி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.