வெள்ளக் காலத்திற் சிறுநீரக நோயாளர்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் கண்டி வீதி ஆனையிறவுத் தாம்போதியின் வழியே செல்கின்றது. 2011ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி வழியாக மற்றொரு பாதையும் உண்டு. புயலும் பெருமழையும் வருங்கால் இவ்விரண்டும் ஒருங்கே தடைப்படுதல் கூடும். ஏனையோர்க்கு இஃது ஒருநாட் காலத்தாழ்வு. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தோர்க்கோ உயிர்ப் பிரச்சினை.

இந்நோயாளர் பொதுவாக வாரத்தில் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணிநேரம், பொறியின் துணையாற் குருதியைச் சுத்திகரித்தல் வேண்டும். முறை தவறின் உடலிலே நீர் தேங்கி மூச்சுத்திணறல் உண்டாகும். குருதியிற் பொற்றாசியம் மிகுந்து இதயத்தை நிறுத்தவுங் கூடும். பொறிக்கு மின்சாரமும் தூயநீரும் இன்றியமையாதன. நிமிடத்திற்கு 500 மில்லிலீற்றர் கரைசல் செல்லின், நான்கு மணிநேரத்திற்கு 120 லீற்றர் வேண்டும்; நீரைத் தூய்மையாக்குகையிற் கழிவதையுஞ் சேர்ப்பின் தேவை இன்னும் பெரிது.

2018ஆம் ஆண்டு மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபொழுது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல்லாயிரவர் வெள்ளத்தால் இடருற்றதை நாம் அறிவோம். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் கத்ரீனாப் புயலால் 94 சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு வாரமேனும் மூடிக்கிடந்தன. 2012ஆம் ஆண்டிற் சாண்டிப் புயல் வருமுன்னரே நோயாளர் பலர்க்கு முறைநாளுக்கு முந்திச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவ்வாறு பெற்றோரிடைப் பின்வந்த மரணம் குறைந்திருந்தமை ஆய்விற் புலனாயிற்று.

இதனின்று நாம் கொள்ளத்தக்கன சில. புயலெச்சரிக்கை கிடைத்தவுடன், பாதை திறந்திருக்கும்போதே, சிகிச்சையை முற்படுத்தல் வேண்டும். நிலையத்தில் மின்பிறப்பாக்கியும் அதற்குரிய எரிபொருளும், மேட்டிலமைந்த நீர்த்தாங்கியும், பவுசர் மூலம் நீர் பெறும் ஒழுங்கும் இருத்தல் வேண்டும். நோயாளர் ஒவ்வொருவரும் தம் உலர்நிறை, மருந்து, சிகிச்சை முறை, ஈரலழற்சிச் சோதனை முடிவு ஆகியவை எழுதிய அட்டையொன்றை நனையாவண்ணம் உடன்வைத்திருப்பின், அயல் வைத்தியசாலையிலும் தடையின்றிச் சிகிச்சை பெறலாம்.

உணவு பற்றியும் ஒன்று கூறல் தகும். இடர்முகாமில் அன்போடு கொடுக்கப்படும் இளநீரும் வாழைப்பழமும் பொற்றாசியம் மிக்கவை. இந்நோயாளர்க்கு அவை நஞ்சாகலாம். சிகிச்சை தாமதிக்கும் நாள்களில் நீரையும் உப்பையும் வைத்தியர் வகுத்த அளவிற் சுருக்குதல் அவசியம்.

நம் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் அரசாங்க உத்தியோகத்தரும் உளர். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் தத்தம் ஊரில் இந்நோயாளர் எவரெவர், அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வாகனம் யாது என்பவற்றை அறிந்து குறித்துவைப்பாராயின், அதுவே பேருதவியாகும்.