பாரிமுனையில் ஒரு வேளை உணவு

"வெளியே போய்ச் சாப்பிடுவதா? வீட்டில் இல்லாத எது ஓட்டலில் இருக்கிறது?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு உணவின் தூய்மையும் சிக்கனமும் வேறெங்கும் வாரா. எனினும் ஆண்டில் ஓரிரு முறையேனும் குடும்பமாகச் சென்று, பெயர் பெற்றதோர் ஊர்ப்பகுதியில் அமர்ந்து உண்டு வருவதில் நாவின் சுவைக்கு அப்பாற்பட்ட பயனும் ஒன்று இருக்கிறது. அதனை எனக்கு உணர்த்தியவர் படித்த அறிஞர் அல்லர். ஏர் பிடித்து முதிர்ந்த ஒரு கிழவர்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலை ஒன்றில் பணியாற்றும் இளைஞர் ஒருவரின் குடும்பத்தை அறிவேன். பொன்னேரிப் பக்கத்துச் சிற்றூர் அவர்களுடையது. பாட்டனார் பிறர் நிலத்தில் உழைத்தவர். தந்தையார் செங்கற்சூளையில் பாடுபட்டு இளமையிலேயே மறைந்தார். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். மகன் ஐ.டி.ஐ. முடித்து ஆலையில் சேர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் முதல் போனஸ் பெற்றபோது அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. தாத்தா, அம்மா, தங்கை மூவரையும் சென்னைக்கு அழைத்துச் சென்று, நல்ல ஓட்டலில் வயிறார உண்ணச்செய்ய வேண்டும் என்பதே அது.

இருப்புப்பாதை காட்டிய வழி

நம் மாவட்டத்தாருக்குப் பட்டணம் தொலைவன்று. கும்மிடிப்பூண்டித் தடத்திலும் திருவள்ளூர்த் தடத்திலும் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, நம் திருவள்ளூர் வழியாகத்தான் வாலாஜா சாலைக்குச் சென்றது. அந்த இராயபுரத்தை அடுத்து விரிந்து கிடப்பதே பாரிமுனை என்றும் சௌகார்பேட்டை என்றும் நாம் வழங்கும் ஜார்ஜ் டவுன்.

1639-இல் ஆங்கிலேயர் நிலம் பெற்றுக் கோட்டை எழுப்பத் தொடங்கிய காலம்தொட்டு, அதன் வடபுறத்தில் நெசவாளரும் வணிகரும் குடியேறினர். வெள்ளையர் அப்பகுதியைக் 'கருப்பர் நகரம்' என்றனர். பிற்காலத்தில் அதுவே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியது. தெலுங்கர், குஜராத்தியர், மார்வாரியர், அர்மீனியர், இஸ்லாமிய வணிகர் எனப் பலரும் வந்து தங்கிய இடமாதலின், ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு சமையலறையின் மணத்தைச் சுமந்து நிற்கிறது. அர்மீனியன் தெருவில் தூய மரியன்னை இணைப்பேராலயத்துக்குச் செவ்வாய்தோறும் சென்று புனித அந்தோணியாரை வேண்டி வரும் நம் குடும்பங்களுக்கு இத்தெருக்கள் புதியன அல்ல. ஆயினும் வேண்டுதல் முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுகிறோமேயன்றி, சுற்றிலும் இருப்பதைக் கண்டோமில்லை.

எடுபிடியாக வந்தவர்

சென்னையின் சிற்றுண்டிச்சாலைகள் பல, ஏதுமின்றி வந்தவர்களால் எழுந்தவை. தென்கன்னடப் பகுதியிலிருந்து இளம்வயதில் இங்கு வந்த கே. கிருஷ்ணராவ், ஜார்ஜ் டவுன் ஓட்டலில் எடுபிடி வேலைகள் செய்தவர். அங்கேயே ஆச்சாரப்பன் தெருவில் சிறிய ஓட்டல் ஒன்றை நடத்தித் தொழில் பழகினார். அவரே பின்னர் 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். உடுப்பிச் சமையலின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற ஒரு வரிசை அச்சிறு தெருவில் முளைத்ததே.

சௌகார்பேட்டைக்குள் நுழைந்தால் வடநாட்டுச் சுவை நம்மை எதிர்கொள்ளும். தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையின் ஜிலேபியும், உருளைக்கிழங்கில் செய்த ஆலு டிக்கியும் பெயர் பெற்றவை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் மாலையில் திறக்கும் சீனா பாய் டிபன் கடையில் குட்டி இட்டலிகளும் ஊத்தப்பமும் நெய்யில் தோய்ந்து பொடி தூவப்பெற்று வருகின்றன. இட்டலி நம்முடையது, நெய் வார்க்கும் தாராளம் வடக்கிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே தட்டில் சமாதானமாய் இருக்கின்றன.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே சென்றாலோ, பர்மாவின் மணம். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் உடைமை இழந்து கப்பலேறினர். சென்னையில் இறங்கியோர் பிழைக்க 1969-இல் பர்மா பஜார் உருவாயிற்று. அதனருகே தள்ளுவண்டிகளில் அவர்கள் விற்ற உணவே அத்தோ. நூடுல்ஸுடன் முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டிட்ட சூப் ஒரு கிண்ணம். நாடிழந்தவர்களுடன் வந்த அவ்வுணவு, இன்று வடசென்னைப் பிள்ளைகள் தம் ஊர்ப் பலகாரம் என்றே எண்ணும் அளவுக்கு வேரூன்றிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமைத் தினமும் கடந்து செல்லும் நமக்கு, இக்கதையின் பொருள் எளிதில் விளங்கும்.

வாசற்படியில் நின்ற பெரியவர்

நம் இளைஞரின் குடும்பம் பாரிமுனைக்கு அருகே பழைய சைவ ஓட்டல் ஒன்றின் வாசலை அடைந்தது. உள்ளே மின்விசிறிகள் சுழன்றன. எவர்சில்வர் டம்ளர்கள் ஓசையிட்டன. மூவரும் நுழைந்துவிட்டனர். திரும்பிப் பார்த்தால் தாத்தாவைக் காணோம். வாசற்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றிருந்தார்.

"உள்ளே வா தாத்தா!"

"நீங்க சாப்பிட்டு வாங்கப்பா. எனக்கு இங்கேயே ஏதாச்சும் கொண்டாந்து குடு."

பேரனுக்கு முதலில் சினம் வந்ததாம். பின்னரே புரிந்தது. சிறுவயதில் அப்பெரியவர் தம் ஊர்த் தேநீர்க் கடையில் பெஞ்சில் அமர்ந்ததில்லை. கடைக்குப் பின்புறம் செருகிவைத்த கொட்டாங்கச்சியைத் தாமே எடுத்துக் கழுவி நீட்டினால், மேலிருந்து தேநீர் ஊற்றப்படும். குத்துக்காலிட்டுக் குடித்துவிட்டு, மீண்டும் கழுவிச் செருக வேண்டும். அறுபது ஆண்டுகள் கழிந்தபின்னும் ஓட்டல் வாசல் என்றதும் அவர் கால்கள் தாமே நின்றுவிட்டன.

அன்பு வாசகர்களே, சட்டம் எழுதப்பட்டுவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழையவிடாமல் தடுத்தல் ஆகாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் வந்தது. உணவகம் என்னும் சொல்லை நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது என்றால், அந்நாளில் ஒரு தட்டு உணவுக்குப் பின்னால் எத்துணை அவமானம் மறைந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டத்துக்குப் பின்னும் பலகைகள் நின்றன. சென்னை ஓட்டல்கள் பலவற்றின் முகப்பில் 'பிராமணாள்' என்னும் அடைமொழி நெடுங்காலம் இருந்தது. அதனை நீக்கக் கோரி, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் ஈ.வெ.ரா. மறியலைத் தொடங்கினார். அது பல மாதங்கள் நீடித்தது. தொண்டர் பலர் சிறை சென்றனர். முடிவில் அச்சொல் பலகையினின்று அகன்றது. அதே திருவல்லிக்கேணியில், வடஇந்தியாவிலிருந்து வந்த குப்தா குடும்பத்தார் 1948-இல் தொடங்கிய இரத்னா கபே இன்றும் நடைபெறுகிறது. அங்கே இட்டலி சாம்பாரில் மிதந்து வரும். வாளியைத் தூக்கி வரும் பரிமாறுபவர் அமர்ந்திருப்பவரின் குலத்தைக் கேட்பதில்லை, "இன்னும் சாம்பார் வேண்டுமா?" என்றுதான் கேட்கிறார்.

எனினும் இரட்டைக் குவளை முறை சிற்றூர்களில் அதன் பின்னரும் பல்லாண்டுகள் தொடர்ந்தது என்பதை மறைத்தலாகாது. ஊரில் மூடியிருந்த கதவை நகரத்து ஓட்டல் திறந்தது. முன்பின் அறியாத ஒருவர் நம் எதிரே அமர்ந்து அதே சட்டினியைத் தொட்டு உண்ணும் பழக்கத்தை நமக்குக் கற்பித்ததில் இவ்வுணவகங்களின் பங்கு பெரிது. அறிவுரை கூறாமலே செய்த கல்வி அது.

கொரியர் காட்டும் மரியாதை

இன்று நம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்குப் புதிய விருந்தினரும் வந்துள்ளனர். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியபின், கொரிய நாட்டுக் குடும்பங்கள் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறின. அவர்களுக்கென உணவகங்களும் எழுந்தன. சியோல் நகரின் பழம்பகுதியான ஜோங்னோவில், மாட்டெலும்பை நெடுநேரம் காய்ச்சி எடுக்கும் சாற்றுக்குப் புகழ்பெற்ற உணவுக்கடை ஒன்று 1904 முதல் நடைபெறுவதாகப் போற்றுகின்றனர். நம் பழைய கடைகளை நாமும் அவ்வாறு போற்றினால் என்ன?

கொரியர் மேசையில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கிம்ச்சி முதலிய சிறுசிறு துணைக்கறிகள் பல கிண்ணங்களில் நடுவே வைக்கப்பெறும். அனைவரும் அவற்றிலிருந்து பகிர்ந்து உண்பர். குடும்பத்தில் மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையோர் உண்ணத் தொடங்குவர். நம் இல்லங்களிலும் ஒரு காலத்தில் முதியோருக்கு முதலிலை போட்டோம். இன்று அவர்களை வீட்டுக் காவலுக்கு வைத்துவிட்டு ஓட்டலுக்குச் செல்வோரும் உளர்.

குடும்பமாகச் செல்லுங்கால்

இனி, செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். கடன் வாங்கிச் செல்லாதீர்கள். இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். நெய் இட்டலிக்கும் அத்தோவுக்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. விலைப்பட்டியலைப் பார்த்ததும், "எனக்குப் பசியில்லை, ஒரு காப்பி போதும்" என்று கூறும் தாய்மார்களின் சொல்லை நம்பாதீர்கள். ஆண்டெல்லாம் எல்லோரும் உண்டபின் அடுக்களையில் நின்றவாறே உண்பவர் அவர். வேண்டியதை முதலில் அவரையே சொல்லச் செய்யுங்கள். கேட்டு வாங்கியதை வீணாக்காதீர்கள்.

பரிமாறும் பணியாளரைக் கைதட்டி அழைக்காதீர்கள். முன்னர் மேசை துடைத்தோர் பெரும்பாலும் சிறுவர்களாயிருந்தனர். 2006 அக்டோபர் 10 முதல் 14 வயதுக்குட்பட்டோரை உணவகங்களில் வேலைக்கு வைத்தல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இன்று அவ்விடத்தில் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்களைக் காண்கிறோம். கிருஷ்ணராவும் ஒரு நாள் அவ்வாறு வந்தவரே. "தம்பி" என்று ஒரு சொல், எழுந்து வருகையில் ஒரு நன்றி, இவற்றுக்குச் செலவில்லை.

வாசலில் நின்ற பெரியவரின் கதையை முடிக்கவேண்டும். பேரன் வற்புறுத்தியும் அவர் அசையவில்லை. இறுதியில் வெளியே வந்தவர் மருமகளே. ஒன்றும் பேசாமல் மாமனாரின் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே வைத்து, "போட்டுக்கிட்டு வாங்க மாமா. இங்கே எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் வர்றாங்க" என்றார். பெரியவர் செருப்பணிந்து உள்ளே வந்தார், நடுமேசையில் அமர்ந்தார். பரிமாறுபவர் தண்ணீர் வைத்துவிட்டு, "என்ன சாப்பிடறீங்க ஐயா?" என்று கேட்டார்.

'ஐயா' என்றதும் பெரியவர் பேரனைப் பார்த்தாராம். பிறகு இரண்டு இட்டலியும் ஒரு வடையும் கேட்டு வாங்கி உண்டார். காப்பி வந்தபோது டபராவில் ஆற்றி, நிதானமாகக் குடித்தார். குடித்து முடித்ததும், பழைய நினைவில் டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தார். பணியாளர் விரைந்து வந்து, "வைங்க ஐயா, நான் எடுத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது தாத்தா நெடுநேரம் பேசவில்லை. மீஞ்சூர் தாண்டியதும் பேரனிடம் ஒன்று மட்டும் கேட்டாராம்:

"அடுத்த போனஸ் எப்பப்பா?"